செருப்பைக் கழற்றிய பிறகு

சோபனா செருப்புத் தைக்கிற இடத்தில் வேலை செய்கிறாள் என்று மாமியார் சொல்வாள். கம்ப்யூட்டர் வேலை என்று புருஷன் செல்வகுமார் சொல்வான். மாமியார் பேச்சில் கொஞ்சம் குத்தலும் புருஷன் பேச்சில் கொஞ்சம் ஜம்பமும் இருக்கும். இரண்டுமே உண்மை என்பதால் சோபனா யாரையும் திருத்தப் போனதில்லை.

வேலூர் பாகாயத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருக்கிறது அவள் வேலை செய்யும் பட்டறை. முதலாளி கோதண்டராமன். சர்க்கரை முற்றி, பாதத்தில் உணர்ச்சி செத்துப்போனவர்களுக்கு மட்டும் அங்கே செருப்புச் செய்கிறார்கள். அந்தக் கால்களுக்கு முள் குத்தினாலும் தெரியாது, சுடுதண்ணீர் பட்டாலும் தெரியாது. வலியில்லாத வாழ்க்கை வேண்டும் என்று சாமியிடம் கேட்கிறவர்கள், கேட்பதற்கு முன் அந்தப் பட்டறை வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்து வருகிற கால்களைப் பார்க்க வேண்டும்.

சோபனா ஆம்பூர்க்காரி. அம்மா ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைத்தாள். மகள் அரசுப் பள்ளியில் தமிழில் படித்து, வேலூரில் பி.எஸ்சி. கணக்கு முடித்து, அதே கம்பெனியில் கம்ப்யூட்டரில் அச்சு வரைகிற அறைக்குப் போனாள். சார்பு, அணி, வகைக்கெழு எல்லாம் பிளஸ் டூவில் படித்ததுதான். வகைக்கெழுவில் முழு மார்க் வாங்கியிருந்தாள். அது எதற்கு என்று ஒரு நாளும் புரிந்ததில்லை. மார்க்குக்கும் புரிவதற்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்று நம் ஊரில் யாரும் சொல்லவில்லையே.

ஆர்டர் குறைந்து கம்பெனி பாதி நாள் சும்மா கிடந்த காலத்தில், பொழுது போகாமல் இணையத்தில் ஒரு கம்ப்யூட்டர் மொழியைப் பிடித்துக்கொண்டாள். ஏ.பி.எல். என்கிற பழைய கணக்கு மொழியின் குடும்பத்தில் பிறந்தது. எழுத்துகள் கம்மி, குறிகள் ஜாஸ்தி. ஒரு பக்கம் எழுத வேண்டியதை ஒரு வரியில் முடித்துவிடலாம். செல்வகுமார் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா இது, எறும்புக்கு மை தடவி மேய விட்டாப்ல இருக்கு" என்றான். அவன் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட்டுக்குப் பின்னால் கணக்குப் போட்டே பழகியவன்.

மற்ற மொழிகளில் ஒரு வரிசை எண்களைக் கூட்ட வேண்டுமானால், முதலாவதை எடு, அடுத்ததை எடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தொலைக்க வேண்டும். இந்த மொழியில் மொத்த வரிசையும் ஒரே பொருள். அப்படியே கையில் தூக்கலாம். பாதத்துக்கு அடியில் நூற்றுக்கணக்கான இடங்களில் எடுத்த அழுத்தம், இந்த மொழியில் நூற்றுக்கணக்கான எண்கள் அல்ல, ஒரு பாதம்.

அவளை உண்மையில் மயக்கியது வேறு. அந்த மொழியில் சில குறிகள் எண்ணைத் தின்பதில்லை, எண்ணை வைத்துச் செய்கிற வேலையை, அதாவது சார்பையே தின்னும். கூட்டல் என்கிற வேலையைக் கொடுத்தால், 'வரிசை முழுக்கக் கூட்டு' என்கிற புது வேலையைத் திருப்பித் தரும். பெருக்கலைக் கொடுத்தால், 'வரிசை முழுக்கப் பெருக்கு'. ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற பிரஸ் அப்படித்தான். அதற்கு வெட்ட மட்டும்தான் தெரியும். எந்த வெட்டச்சை, அதாவது டையை, வைக்கிறோமோ அந்த வடிவம் விழும். டையை மாற்றினால் பிரஸ்ஸை மாற்ற வேண்டியதில்லை. சார்பைத் தின்னும் சார்பு என்பது அந்த பிரஸ்தான் என்று அவள் மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

அந்தத் தைரியத்தில் தானே ஒன்று எழுதினாள். அதற்கு 'சரிவு' என்று பெயர் வைத்தாள். எந்தச் சார்பைக் கொடுத்தாலும், அது இடத்துக்கு இடம் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது, இறங்குகிறது என்று சொல்லும் இன்னொரு சார்பாக ஆக்கித் திருப்பித் தரும். எழுதி முடித்து, சரியாக ஓடிய பிறகுதான், ஒப்பித்துத் தள்ளிய வகைக்கெழு இதுதான் என்று உறைத்தது. அன்றைக்குக் குழம்பில் உப்பு விழவில்லை. செல்வகுமார் எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்துவந்தான்.

கோதண்டராமன் பட்டறைக்கு அவள் வந்து சேர்ந்தது அதற்கப்புறம். அங்கே ஒரு டாக்டரம்மா கொடுத்துவிட்டுப் போன அழுத்தம் அளக்கிற மெல்லிய பிளாஸ்டிக் சீட் ஒன்று அலமாரியில் தூங்கிக் கிடந்தது. செருப்புக்குள் வைத்து நடந்தால், பாதத்தின் ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு அழுத்தம் என்று எழுதி வைத்துக்கொள்ளும். அழுத்தம் ஜாஸ்தியான இடத்தில் சிவப்பு வரும், அங்கே மெத்தென்று வைத்துத் தைப்பார்கள், அவ்வளவுதான். சோபனாவுக்கு அது போதவில்லை. ஈரத் தோலைச் சட்டத்தில் இழுத்துக் காயப்போடும்போது அவள் பார்த்திருக்கிறாள். சீராக இழுத்தால் எவ்வளவு இழுத்தாலும் தோல் கிழியாது, கிளிப் கடித்த இடத்துக்குப் பக்கத்தில்தான் கிழியும். காலும் தோல்தானே. பக்கத்துப் பக்கத்து இடத்தில் ஒன்று அமுங்கி ஒன்று சும்மா இருந்தால், அந்த எல்லையில்தான் சதை அறுபடும். ஆகவே பார்க்க வேண்டியது அழுத்தத்தின் சரிவை.

ஒருவர் நடக்கிற நடையை 'நடை' என்று ஒரு சார்பாக வைத்தாள். எந்த நொடியைக் கேட்டாலும் அந்த நொடியில் பாதம் எப்படி அழுந்தியிருக்கிறது என்று முழுப் பாதத்தையும் தரும். அதை 'சரிவு'க்குத் தின்னக் கொடுத்தால், புண் வரப்போகிற இடம், புண் வரும் முன்னாலேயே தெரிந்தது. நிறைய பேருக்குப் பலித்தது. கோதண்டராமன் பட்டறை போர்டில் 'கம்ப்யூட்டர் முறையில்' என்று ஒரு வரி சேர்த்தார். சோபனாவுக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த நேரத்தில்தான் அதாவுல்லா வந்தார்.

ஆம்பூர் கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவுக்குச் சூப்பர்வைசராக இருந்தவர். சோபனா வரைந்த அச்சுகளை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, "இத யார் காலுக்கு வரைஞ்சே, வாத்துக்கா" என்று கேட்டவர். ஷிஃப்ட் முழுக்க உட்காரவே மாட்டார். ஒரு நாள் ஷூ ஆணி ஒன்று செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. தரையில் ரத்தக் காலடி விழுந்துகொண்டே வருவதைப் பார்த்துப் பெண்கள்தான் கத்தினார்கள். சர்க்கரை அவர் பாதங்களை எடுத்துக்கொண்டுவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது வலது கால் கட்டை விரலின் அடியில் புண். சோபனா சீட் வைத்து நடக்கச் சொல்லி, சரிவு பார்த்து, வெளியே போக ஒரு ஜோடி, வீட்டுக்குள் போட ஒரு ஜோடி செய்து கொடுத்தாள். புண் ஆறியது. திரும்ப வந்தது. செருப்பை மாற்றினாள். ஆறியது. திரும்ப வந்தது, இந்தத் தடவை எலும்பு வரைக்கும்.

"இன்னொரு தடவை ஆற வைக்கப் பார்க்கிறேன். அதுக்கப்புறமும் வந்தா விரலை எடுத்துடணும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஒரு விரலோடு நிற்காது என்று அந்தப் பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். கட்டை விரல் போனால் பாரம் அடுத்த விரலுக்குப் போகும், பிறகு அதற்கு அடுத்தது.

"போட்டுக்க மாட்டாரும்மா" என்றார் கோதண்டராமன். "வெறுங்கால்ல ஊர் சுத்திட்டு வந்து நம்ம மேல பழி போடுவாங்க. எத்தனை பேரப் பாத்திருக்கேன்."

சோபனாவுக்குச் சந்தேகம் தன் மேல்தான். 'சரிவு' எழுதியதில் எங்கோ தப்பு என்று அதைப் பிரித்துப் போட்டாள். பக்கத்து இடங்களின் வித்தியாசத்தை எடுக்கும்போது இடைவெளி ரொம்பச் சின்னதாக இருந்தால் சீட்டின் நடுக்கமெல்லாம் மலையாகத் தெரியும், பெரியதாக இருந்தால் உண்மையான மேடே அமுங்கிப்போகும். இடைவெளியை மாற்றி மாற்றிப் பார்த்தாள். விடை தெரிந்த சார்புகளைக் கொடுத்தாள். எக்ஸ் ஸ்கொயரைக் கொடுத்தால் டூ எக்ஸ் வந்தது. வர வேண்டியதெல்லாம் ஒழுங்காக வந்தது. அதாவுல்லாவின் நடையைக் கொடுத்தால் மட்டும், புண்ணுக்குக் காரணமே இல்லாத அமைதியான பாதம் வந்தது. அதுவும் இரண்டு காலும் ஒரே மாதிரி. ஒரே மாதிரி நடக்கிற இரண்டு காலில் வலதில் மட்டும் புண் ஏன் என்கிற கேள்வி, பஸ்ஸிலும் அடுப்படியிலும் அவள் கூடவே வந்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, சீட்டையும் லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு ஆம்பூருக்கு பஸ் ஏறினாள். முதலாளி சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு உள்ளே இருந்தது. மனுஷன் செருப்பே போடவில்லை என்றால் தன் கணக்கு தப்பித்துவிடும். அப்படி நினைத்ததற்காக ஆம்பூர் வழியாக வாணியம்பாடி போகிற அந்த பஸ்ஸிலேயே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அதாவுல்லா அவளைப் பார்த்ததும், "வாம்மா, வாத்து டிசைனர்" என்றார். செருப்பைக் காட்டச் சொன்னாள். இரண்டு ஜோடியும் நன்றாகத் தேய்ந்திருந்தன, எங்கே தேய வேண்டுமோ அங்கே. வீட்டுக்குள் நடக்கிற ஜோடியில் சமையலறை எண்ணெய்க்கறைகூட இருந்தது. ஒரு நாள் விடாமல் போட்டிருக்கிறார்.

"டாக்டரம்மா சொன்னத மீற மாட்டேன்" என்றார். "பள்ளிவாசலுக்குக்கூடப் போறதில்ல. நடக்கக் கூடாதுன்னாங்க, வீட்லயே தொழறேன்."

அவர் மனைவி இஞ்சி டீ கொண்டுவந்தார். பள்ளிவாசலில் இருந்து பிற்பகல் தொழுகைக்கான பாங்கு ஓசை கேட்டது. அதாவுல்லா, "உக்காரும்மா, அசர் தொழுதுட்டு வந்துடறேன்" என்று எழுந்தார். முன் அறை ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டார். கை, முகம், கால் கழுவி ஒளு செய்தார். அப்போது கட்டு நனையாமல் மூடியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டு உள் அறைக்குள் போனார். அந்த அறைக்கு ஒரு திரை தொங்கியது, தரைக்கு ஒரு முழம் உயரத்தில் நிற்கிற பழைய திரை. சோபனா டீயைக் குடித்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் தெரியவில்லை. கால் மட்டும் தெரிந்தது.

நின்றார். குனிந்தார். நெற்றி தரையில் பட்டபோது இரண்டு கால் விரல்களும் மடங்கித் தரையில் ஊன்றின. பிறகு உட்கார்ந்தார். இடது காலைப் படுக்கப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். வலது பாதம் செங்குத்தாக நின்றது, விரல்கள் முன்னால் மடங்கி. கட்டை விரலின் அடி, கட்டோடு, தரையில் அழுந்தியிருந்தது. அப்படியே இருந்தார். வலித்திருந்தால் சற்று நகர்த்தியிருப்பார். வலிக்கிற கால் இல்லை அது.

சோபனா டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆம்பூரில் பிறந்தவளுக்கு இது புதிதா? வெள்ளிக்கிழமை மதியம் தெரு அடைத்து விரிக்கிற விரிப்புகளை, வரிசை வரிசையான அந்தப் பாதங்களை அவள் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறாள். ஷூ கம்பெனியிலேயே மூலையில் ஒரு தொழுகைப் பாய் எப்போதும் சுருட்டிக் கிடக்கும். ஆனால் தொழில் கண்ணை மாற்றிவிட்டது. செருப்புக்காரிக்குக் கால் என்றால் செருப்புக்குள் இருக்கிற கால். வாசலில் செருப்பை விட்டதும் அந்தக் காலை அவள் மறந்துவிடுவாள். நம் ஊரில் மனுஷனுக்கு முக்கியமானதெல்லாம் செருப்பைக் கழற்றிய பிறகுதான் நடக்கிறது என்பது அவளுக்கு ஏனோ தோன்றவே இல்லை.

'சரிவு' எந்தச் சார்பைக் கொடுத்தாலும் தின்னும். அவள் அதற்கு நடையைத் தவிர வேறு எதையும் கொடுத்ததே இல்லை. கொடுக்காத ஒன்றைப் பற்றி அது எப்படிச் சொல்லும்?

அதாவுல்லா வெளியே வந்து, முதல் வேலையாகச் செருப்பை மாட்டிக்கொண்டார். சோபனா பையிலிருந்து சீட்டை எடுத்துத் தரையில் விரித்தாள்.

"பாய், ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே."

"கேளு."

"உள்ள உக்காந்தீங்க இல்ல, அந்த மாதிரி இந்த சீட்டு மேல ஒரு தடவ உக்காந்து காட்டுறீங்களா? தொழ வேணாம். சும்மா உக்காந்தா போதும்."

டீ டம்ளரை எடுக்க வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டார். அதாவுல்லா சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு செருப்பைத் திரும்பக் கழற்றி, மெதுவாக உட்கார்ந்து, வலது பாதத்தை நிறுத்தினார்.

லேப்டாப்பில் சோபனா மாற்றியது ஒரே ஒரு சொல். 'நடை' இருந்த இடத்தில் 'அமர்வு' என்று போட்டாள். மற்ற வரி அப்படியே. படம் வந்தது. பாதம் முழுக்க ஒன்றுமில்லை. கட்டை விரலுக்கு அடியில் மட்டும் சுவர் மாதிரி ஒரு செங்குத்து. நடையில் வந்து போகிற அழுத்தம் இங்கே வந்து தங்கியிருந்தது. சரியாகப் புண் இருக்கிற இடம்.

அதாவுல்லாவுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தோலில் எங்கே பாரம் விழுந்தால் எங்கே விடும் என்று அவருக்குத் தெரியாதா?

"அப்போ நான் தொழுதுதான் இந்தப் புண்ண வர வெச்சுக்கிட்டேன்னு சொல்றே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சின்னக் குரலில் சொன்னார். சோபனாவுக்குப் பயமாக இருந்தது. இவர் வீட்டில், இவர் விரிப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தான் யார் இதைச் சொல்ல என்று இருந்தது.

"அப்படி சொல்லல பாய். நீங்க நடக்க நான் செருப்பு செஞ்சேன். தொழறதுக்கு நான் ஒண்ணுமே செஞ்சு குடுக்கல. அதான் தப்பு. என் தப்பு."

அதாவுல்லா சீட்டின் மேலிருந்து பாதத்தை எடுத்து முன்னால் நீட்டிக்கொண்டார்.

"நாற்காலியில உக்காந்து தொழலாம்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் அப்பவே சொன்னார்" என்றார். "மார்க்கத்துல எடம் இருக்கு, நோயாளிக்கு. பள்ளிவாசல்ல பின்னாடி நாலு நாற்காலி கெடக்கு. அதுல போய் உக்காந்தவன் எவனும் திரும்ப வரிசைக்கு வந்து நான் பாக்கல. விரல எடுத்துட்டா எனக்கும் அதான். அதுக்குத்தான் பேஜாரா இருக்கு, விரலுக்கு இல்ல."

அவர் தோளோடு தோளாக வரிசையில் நிற்க ஆசைப்பட்டார். அதற்குத்தான் விரல் வேண்டும். டாக்டரம்மாவிடம் இதை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அதாவுல்லா தலையைச் சாய்த்து, வெட்டும் பிரிவில் தோலைப் பார்ப்பது போலவே தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டு, "தோல் மோஸான்னு ஒண்ணு இருக்கு, காலுறை மாதிரி, அத போட்டுத் தொழலாம்" என்றார். "ஒளு செஞ்சுட்டு மாட்டிக்கணும். அடுத்த தடவ கழட்ட வேணாம், மேல ஈரக்கையால தடவுனா போதும். குளிர் தேசத்துல போடுவாங்க. இந்த வெயில்ல எவன் போடுவான்னு நெனைக்கல."

"அத நான் தைக்கலாமா?"

"ஆம்பூர்ல தோலுக்கா பஞ்சம்" என்றார் அதாவுல்லா.

டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். புண் ஆறும் வரைக்கும் நாற்காலிதான், ஆறிய பிறகு மோஸா, ராத்திரி கழற்றிக் காலைப் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அதாவுல்லா சம்மதித்தார், அதுவும் வீட்டு நாற்காலி என்றால் மட்டும். ஆட்டுத்தோலை அவரே விரலால் நீவித் தேர்ந்தெடுத்தார். கோதண்டராமன் காட்டிய உள்துணியைப் பார்த்துவிட்டு, "இத மழைக்கோட்டுக்குக்கூட வெக்க மாட்டான்" என்று தள்ளிவிட்டார். முதலாளி அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

புண் ஆறியதும் போட்டுப் பார்த்தார்கள். முதல் மோஸாவில் விரல் மடங்காமல் இருக்க அடியில் வைத்த தகடு கெட்டியாகப் போய், அவரால் உட்காரவே முடியவில்லை. இரண்டாவது உட்காரவிட்டது, ஆனால் சரிவு விரலிலிருந்து விலகிப் பக்கத்து மேட்டில் ஏறிக்கொண்டது. சோபனா சளைக்கவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு சார்பாக்கி அதே வரிக்குத் தின்னக் கொடுத்தாள். கடைசியாக வந்த மோஸாவில் விரலுக்கு அடியில் மெத்தை சாய்வாக இறங்கி, பாரத்தைப் பாதத்தின் முன்பக்கம் முழுக்கப் பரப்பிவிட்டது. திரையில் சுவர் இல்லை. ஒரு மேடு, அதுவும் சாதுவாக.

அதற்குப் பிறகு பட்டறைக்கு யார் வந்தாலும் சோபனா முதலில் கேட்பது ஒரே கேள்வி. "செருப்பைக் கழட்டின பிறகு இன்னா பண்ணுவீங்க?" வந்தவர்கள் முழிப்பார்கள். பிறகு சொல்வார்கள். தரையில் சம்மணம் போட்டு நாள் முழுக்கப் பீடி சுற்றுகிற அம்மாளுக்குக் கணுக்காலில் புண் வந்தது ஏன் என்று அப்படித்தான் தெரிந்தது. மாதா கோயிலில் முழங்காலில் நிற்கிற ஒருவர், இதையெல்லாமா சொல்ல வேண்டும் என்று கூச்சப்பட்டார். சொல்ல வேண்டும் என்றாள். 'சரிவு' ஒரே வரியாகத்தான் இன்னும் இருக்கிறது. தின்னக் கொடுப்பதற்குத்தான் சார்புகள் கூடிக்கொண்டே போகின்றன.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள் அதாவுல்லா பட்டறைக்கு வந்தார். இரண்டு மாதமாகப் பள்ளிவாசலில் வரிசையில் நிற்கிறார் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். பையிலிருந்து வலது கால் மோஸாவை எடுத்து மேஜையில் போட்டார்.

"பாரு, ஓட்ட வுழுந்துடுச்சு. இதுக்குள்ள தேஞ்சுடுச்சுன்னா இன்னா தையல் இது."

சோபனா மோஸாவைத் திருப்பினாள். கட்டை விரலுக்கு அடியில் தோல் தேய்ந்து, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு அவரை உட்காரச் சொல்லி, காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, வெளிச்சத்தில் திருப்பினாள். கட்டை விரல் முழுசாக இருந்தது. அடித்தோல் காய்ந்து, கெட்டியாக, கீறலில்லாமல் இருந்தது.

அந்த ஓட்டை எங்கே விழுந்திருக்க வேண்டியது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"இதே மாதிரி இன்னொரு ஜோடி தெச்சுக் குடும்மா" என்றார் அதாவுல்லா. அவள் காலை இறக்கி வைத்துவிட்டு, தோலை எடுக்க அலமாரிப் பக்கம் போனாள்.